எமகண்டத்துக்கு முன்னால் ஒரு ஜீப்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில், விலைக்கு நின்ற பழைய ஜீப் ஒன்றின் எதிரே நின்றுகொண்டு, ஒரு மனிதரைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. அதற்கு முன்னால் எனக்கு ஜீப் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு திண்டுக்கல் பக்கம் அகரம் என்கிற ஊரைத் தாண்டி தோட்டத்துக்குள் இருக்கிறது. சம்பங்கிப் பூவும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறோம். தார் ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஓடை. வருடத்தில் பத்து மாதம் அதில் மணல்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் களிமண்ணும் தண்ணீருமாகக் கிடக்கும். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டதால், வாரத்துக்கு இரண்டு முறை திண்டுக்கல்லுக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். முந்தின வருட மழையில் எந்த ஆட்டோவும் ஓடையில் இறங்க மாட்டேன் என்றுவிட்டது. ஒரு முறை தவறிப்போனது. அவ்வளவுதான், அவருக்கு முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் நாலு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கி ஓடையைக் கடந்தார்கள். அந்தக் கட்டிலுக்குப் பின்னால் நான் நடந்தேன். உயிரோடு இருக்கிற மனிதருக்குப் பின்னால் அப்படி நடக்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

அடுத்த மழைக்குள் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி ஒன்று வாசலில் நின்றாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். புதிதாக வாங்க வசதி கிடையாது. எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும், கார் ஓட்டத் தெரியும். வண்டி பார்த்து வாங்கத் தெரியாது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ஜீப் இருப்பதாகத் தெரிந்ததும், வண்டி பார்த்துச் சொல்ல ஆள் தேடினேன். எங்கள் டிராக்டர் ரிப்பேர்க்காரர், திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கிற ஒரு மெக்கானிக் பாயின் நம்பரைக் கொடுத்தார். அதற்கு முன் அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

இங்கே என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் காலண்டர் பைத்தியம். தேதி கிழிக்கிறேனோ இல்லையோ, ராகு காலமும் எமகண்டமும் பார்க்காமல் ஒரு பால்மாடுகூட வாங்கியதில்லை. வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள் என்று முடிவு செய்தது நான். காலையில் ராகு காலம். மூன்று மணிக்கு எமகண்டம் ஆரம்பம். நடுவில் போய் வண்டியைப் பார்த்து, மூன்று மணிக்குள் அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. ஆனால் பாய்க்கு வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை உண்டு என்பது என் கணக்கில் இல்லை.

தம்பியின் காரை வாங்கிக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு நாகல் நகரில் போய் நின்றேன். அவர் தொழுகை முடித்து வந்து காரில் ஏறும்போதே மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, தொப்பி, லேசாக அத்தர் வாசனை. கையில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறின ஸ்பேனர் பை. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வந்திருக்கிறாரே, இவர் எங்கே வண்டியைப் பார்த்து, என்னத்தைச் சொல்ல என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். கிளம்பும்போதே விற்கிறவருக்குப் போன் செய்து, வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். ஒருத்தர் வீட்டுக்குப் போகிறோம், சொல்லாமல் போவது மரியாதையா?

போய் இறங்கும்போது மணி இரண்டரை. வண்டி பச்சை நிறத்தில் பளபளவென்று நின்றது. விற்கிறவரும் அவர் மனைவியும் வாசலுக்கே வந்து வரவேற்றார்கள். தங்கமான மனிதர்கள். உட்காரும் முன்னே கையில் மோர்.

பாய் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நேராகப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"என்ஜின் சூடா இருக்கே?" என்றார்.

"நீங்க வாரீங்கன்னு அம்மிணி போன் பண்ணாங்கள்ல, அதானுங்க செத்த முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சேன். வந்தவங்கள நிக்க வெக்கக் கூடாதுங்களே" என்றார் விற்கிறவர். அவர் சூதாகச் செய்யவில்லை, உபசாரமாகத்தான் செய்திருக்கிறார்.

"தங்கச்சி, போன் பண்ணாம வந்திருக்கணும். சூடான என்ஜின் எல்லாம் நல்லபுள்ள மாதிரிதான் ஓடும். ஆறிக் கெடக்கையில ஸ்டார்ட் பண்ணாத்தான் அதோட குணம் தெரியும். அரை மணி நேரம் ஆறட்டும்" என்றார் பாய்.

அரை மணி நேரமா! அது முடிவதற்குள் மணி மூன்றைத் தாண்டிவிடும். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஆர்சி புக்கை வாங்கி, வண்டியில் பொறித்திருந்த சேஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஈரத்துணியால் துடைத்து, புக்கோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். பழைய வண்டியாயிற்றே, எஃப்சி என்கிற தகுதிச் சான்று எந்த வருடம் வரைக்கும் இருக்கிறது என்று பார்த்தார். நாலு டயரும் ஒரே அளவுதானா, ஒன்று புதிது ஒன்று தேய்ந்தது என்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அளவு மாறினால் நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும்போது உள்ளே கியர் பல்லெல்லாம் போய்விடுமாம். ஸ்பேனரால் வண்டியின் அடிச்சட்டத்தை அங்கங்கே தட்டி, துரு தின்ற இடம் இருக்கிறதா என்று சத்தம் கேட்டார். பெயின்ட் பளபளப்பை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

பிறகு வந்து, வேப்பமர நிழலில் நாற்காலியில் இருந்த என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கணவரின் இடது கையில் டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு தெரியும். புதிதாகப் பார்க்கிறவர்கள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். பாய் திருப்பவில்லை. "தொடட்டுமாண்ணே?" என்று கேட்டு, இரண்டு விரலை அந்தப் புடைப்பின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு விரலுக்குத் தெரியும். நான் தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

"நல்லா ஓடுதுண்ணே" என்றார் சிரித்தபடி. "வாரத்துக்கு ரெண்டா? மழைக்கு எப்படிப் போறீக?"

கணவர் எல்லாவற்றையும் சொன்னார். ஓடை, ஆட்டோ, கட்டில். எனக்கோ கோபம் வந்துவிட்டது. மணி மூன்றாக நாலு நிமிடம். இங்கே உட்கார்ந்து கதை பேசுகிறார்களே!

"பாய், மூணு மணிக்குள்ள அட்வான்ஸ் கொடுத்தாகணும். ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்றேன், என்ஜின மட்டும் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிருங்க. மூணுக்கு மேல எமகண்டம். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது பாய்."

கடைசியில் சொன்னேனே, அந்த வார்த்தைதான். சொன்ன விதமும் நன்றாக இல்லை. என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாய் எழுந்து ஜீப்பிடம் போனார். விற்கிறவர் ஓடி வந்து உள்ளே ஏறி, நாலு சக்கரத்துக்கு மாற்றுகிற கம்பியை இழுத்துக் காட்டினார். டக்கென்று விழுந்தது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கும் எரிந்தது.

"பாத்தீங்களா, எம்புட்டு சுளுவா விழுது!" என்று நான் பர்ஸைத் திறந்தேன்.

பாய் தொப்பியைக் கழற்றி ஜிப்பா பையில் வைத்தார். தரையைப் பார்த்தார். காலையில் தண்ணீர் பாய்ந்த செம்மண் தரை, சொதசொதவென்று இருந்தது. விற்கிறவரின் மனைவி புரிந்துகொண்டு, "இருங்க, பழைய வேட்டி கொண்டாறேன்" என்று வீட்டுக்குள் ஓடினார். அவர் திரும்பி வந்தபோது ஜீப்புக்கு வெளியே பாயின் இரண்டு பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன.

உள்ளே சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன்.

"தங்கச்சி, கோச்சுக்காம செத்த இங்க குனிஞ்சு பாருங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டேன். அவர் கையில் டார்ச். வண்டியின் நடுவிலிருக்கிற கியர் பெட்டியிலிருந்து ஒரு தடித்த இரும்புத் தண்டு பின் சக்கரத்துக்குப் போனது. முன் சக்கரத்துக்கும் அதே மாதிரி ஒன்று போக வேண்டுமாம். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பெட்டியின் வாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுக்கம்பி போட்டிருந்தது.

"டீசல் மிச்சம் பிடிக்கணும்னு யாரோ கழட்டிப்புட்டாக. கம்பி விழும், லைட்டும் எரியும். முன்சக்கரம் மட்டும் இழுக்காது" என்றார்.

எனக்கு எங்கள் ஓடைதான் ஞாபகம் வந்தது. ஓடைக்கு நடுவில் ஜீப்போடு தண்ணீரில் நிற்கிறேன், பக்கத்தில் என் கணவர், நான் கம்பியை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், பின் சக்கரம் குழி பறித்துக்கொண்டே போகிறது. எல்லாம் கண் முன்னால் வந்து போனது. நல்ல நேரத்தில் கொடுத்த அட்வான்ஸ் அப்போது என்னை வந்து தள்ளிவிட்டிருக்குமா?

விற்கிறவரும் குனிந்து பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. "சத்தியமா தெரியாதுங்க. வாங்கி மூணு வருசமாச்சு. சந்தைக்குத் தக்காளி கொண்டு போறதோட சரி. சேத்துல எறங்கும்போதெல்லாம் இந்தக் கம்பியத்தான் இழுத்துட்டு இருந்தேன். நாலு சக்கரமும் இழுக்குதுன்னே நம்பிட்டு இருந்தேனுங்க!" என்றார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நாங்கள் ஏமாற இருந்தோம், அந்த மனிதர் மூன்று வருடமாக ஏமாந்துகொண்டே இருந்திருக்கிறார்.

பாய் வெளியே வந்தார். முதுகு முழுக்கச் செம்மண். மார்பில் கருப்பு ஆயில். அத்தர் வாசனை போன இடம் தெரியவில்லை. அவர் எங்களைப் பார்க்காமல் தோட்டத்து மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சோளத்தட்டைப் போர் மேல் தார்ப்பாய் போட்டு, பறக்காமல் இருக்கக் கல்லும் இரும்புமாகப் பாரம் வைத்திருந்தார்கள்.

"அது என்னங்க, அந்த இரும்பு?"

"அதுங்களா? வண்டியோட சாக்குல போட்டுக் குடுத்தாங்க. என்னமோ பழைய இரும்புன்னு..." என்று ஆரம்பித்த விற்கிறவர், பாதியிலேயே நிறுத்திவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார்.

காணாமல் போன தண்டேதான். மூன்று வருடமாக மாட்டுத் தீவனத்துக்குக் காவல் இருந்திருக்கிறது. என் கணவர் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எல்லாரும் சிரித்தோம், விற்கிறவர்தான் எல்லாரையும்விட அதிகமாக.

பாய் மறுபடி அடியில் போய் அதை மாட்டினார். ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது, அப்புறம் ஷெட்டில் வைத்து மாற்றித் தருகிறேன் என்றார். அதற்குள் என்ஜினும் நன்றாக ஆறிவிட்டது. ஸ்டார்ட் செய்து, புகையின் நிறம் பார்த்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஓட்டப் போறது நீங்கதான? வாங்க." மோட்டார் தண்ணீர் தேங்கிக் கிடந்த வயல் மூலையில் என்னை இறங்கச் சொன்னார். முதலில் கம்பியைப் போடாமல் போனேன். சிக்கி, பின் சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. கம்பியை இழுத்தேன். முன்னால் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி வண்டி மெதுவாக ஏறி வெளியே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அழுதேன்.

இறங்கியதும் பர்ஸைத் திறந்து பணத்தை எடுத்தேன். மணி நாலே கால். நேரமாவது காலமாவது, எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பாய்தான் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க தங்கச்சி. நாலரைக்குத்தான எமகண்டம் முடியுது? முடியட்டும், கொடுங்க. எனக்கு அவசரமில்ல."

எடுத்த பணத்தை மறுபடி பர்ஸில் வைத்தேன்.

"முப்பது வருசமா வண்டி பாத்துக் கொடுக்கிறேன். காலண்டர் பாக்காம யாரு வண்டி எடுக்குறாக? எனக்கு வாரம் பூரா மனப்பாடம்" என்றார். குரலில் குத்தல் துளிகூட இல்லை. தொட்டியில் கை கால் கழுவிக்கொண்டு, விற்கிறவரின் மனைவி கொடுத்த துவைத்த துண்டைத் தென்னை நிழலில் விரித்து, சாயங்காலத் தொழுகையான அசர் தொழுதார். முடித்து எழுந்தபோது நாலு முப்பத்தைந்து. "இப்பக் கொடுங்க" என்றார். கொடுத்தேன்.

திரும்பி வரும்போது, என் வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தங்கச்சி" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்: "என் தம்பிக்கும் கையில இப்படித்தான் இருந்துச்சு. நாந்தான் தெனமும் தொட்டுப் பாப்பேன்." இருந்துச்சு என்றுதான் சொன்னார். நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. நாகல் நகரில் இறங்கும்போது ஜிப்பாவுக்கு ஏதாவது கொடுக்கிறேன் என்றேன். வீட்டில் திட்டு விழும், அதற்கு மட்டும் நீங்கள் வந்து பதில் சொல்லுங்கள் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. டயாலிசிஸ் நாளன்று ஓடையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர், அடியில் களிமண். கம்பியை இழுத்துவிட்டு இறக்கினேன். கணவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அக்கரை ஏறினோம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று பாய்க்குப் போன் போட்டு, கடந்துவிட்டோம் என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அடுத்த நொடியே, "கம்பியத் திரும்பத் தள்ளி விட்டீகளா? தார் ரோட்டுல நாலு சக்கரத்தோட ஓட்டுனா பல்லு போயிரும்" என்று அதட்டினார். நான் தள்ளிவிட்டிருக்கவில்லை.

இன்றைக்கும் ஓடையைக் கடக்கிற நாட்களில் என் கணவரின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜீப்புக்கு அடியிலும் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். காலண்டரில் நேரம் பார்க்கிற பழக்கமும் என்னை விடவில்லை. ஆனால் யாரையும் பார்த்து 'உங்களுக்கு இதெல்லாம் தெரியாது' என்று சொல்ல மட்டும், அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எனக்கு வாய் வந்ததே இல்லை.