இறக்கிய கூண்டு

துறைமுக மேடைமேல் உள்ள கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதுதான் அவருக்கு வேலை. இருபத்தாறு வருட உத்தியோகம். ஊருக்கே அவர் கூண்டுக்காரர். அந்த வருடம் கடலுக்கு என்ன கேடு வந்ததோ, புயல் மேல் புயல். பதின்மூன்று முறை கூண்டு ஏற்றினார். பதின்மூன்றும் கரையைத் தொடாமலே கம்பி நீட்டிவிட்டன. படகுக்காரர்கள் அவரைக் கண்டாலே சிரித்தார்கள். சிரிப்பில் முதல் ஆள் அவர் மச்சினன்.

பதினான்காவது சொன்னபடி வந்தது. ஊரே மீன் கிடங்குக்குள் அடைந்துகொண்டது. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை பேய்க்காற்று. பிறகு பொட்டென்று நின்றது, வெயில் அடித்தது.

"இறக்குங்க அத்தான், படகைப் போய்ப் பாக்கணும்," என்றான் மச்சினன். கூண்டு இறங்காமல் யாரும் படகுத்துறைக்குப் போகக் கூடாது என்பது கட்டுப்பாடு.

கூண்டுக்காரரும் எல்லாம் முடிந்தது என்றே நம்பினார். இத்தனை வருடம் கூண்டு ஏற்றியும் ஒரு புயலுக்குள் அவர் நின்றதில்லையே, பாவம். மேடை ஏறிக் கயிற்றைத் தளர்த்தினார். கூண்டு இறங்கியதும் ஜனம் திமுதிமுவென்று படகுத்துறைக்குப் போனது.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். அடேயப்பா, அது என்ன காட்சி! நாலு பக்கமும் மேகம் வானம் வரை சுவராக நின்றது. நடுவில் வட்டமாக நீலம். கிணற்றின் அடியில் நிற்பதுபோல் இருந்தது. களைத்துப்போன கடற்பறவை ஒன்று அவர் கையருகே வந்து உட்கார்ந்தது, அவரைப் பார்த்துப் பயப்படவே இல்லை. அவருக்கு மூச்சுவிடவே மறந்துபோனது.

கடல் பக்கத்துச் சுவர் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. இது முடிவு இல்லை, புயலின் நடு என்று புரிந்தது. கத்தினால் துறைவரை கேட்காது. உள்ளங்கை கிழியக் கயிற்றை இழுத்துக் கூண்டை மறுபடி ஏற்றினார். சிரித்துக்கொண்டு துறையிலேயே நின்றுவிடுவார்களோ என்று பயந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சினன் அண்ணாந்து பார்த்தான், பிடித்திருந்த படகைக் கைவிட்டான், எல்லாரையும் கிடங்குக்கு விரட்டினான். கூண்டுக்காரர் மேடையிலிருந்து ஓடி வந்து உள்ளே நுழைந்து கதவைத் தாழிட்டபோது எதிர்த்திசைக் காற்று அறைந்தது. படகுத்துறை பெயர்ந்து போகும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"நான்தான் தப்பா இறக்கிட்டேன்," என்றார் கூண்டுக்காரர்.

"நீங்க இறக்குனதாலதான் போனோம், ஏத்துனதாலதான் வந்தோம்," என்றான் மச்சினன். "வேற யாரை அத்தான் பாக்குறோம் நாங்க?"