பதினாறுக்குப் பக்கத்தில் ஒன்று

2002 ஏப்ரல் 20, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். கடல் காற்று இன்னும் எழவில்லை. ராயபுரத்தில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. பல்கலைக்கழகத்தின் அச்சு, பைண்டிங் கூடம் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. இருபத்து மூன்று படிகள். என் மகள் அங்கே கிராஃபிக் டிசைன் கடைசி ஆண்டு படித்தாள். விடுமுறை நாளில் மாணவிகள் வேலை செய்ய வந்தால் வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வர வேண்டும் என்று விதி. அதனால் நான் போனேன். துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதுதான் வேலை.

காசிமேட்டு விசைப்படகுகளில் பெயிண்டர்கள் எழுதும் எழுத்துகளைப் பார்த்து வரைந்து, அவள் ஒரு புத்தகம் செய்திருந்தாள். அறுபத்து நான்கு பக்கம், மூன்று வண்ணம், மூன்று பிரதி. துணி கட்டிய சட்டமான ஸ்கிரீனில் மையை வழித்து அவளே அச்சடித்தது. திங்கள் காலை பத்து மணிக்குத் தேர்வாளர் வருகிறார். வகுப்பில் முதலாவதாக வருபவருக்கு அங்கேயே மேற்படிப்புக்கு உதவித்தொகை. அதுவரை அவள்தான் முதல். என் பென்ஷனில் மேலே படிக்க வைக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

"நைனா, நான் பிராட்வே போயி தைக்கிற நூலு வாங்கினு வந்துடுறேன். இத்தத் தொடாத, இங்க் காயுது. கை சும்மா இருக்காதுன்னா எண்ணிக்கினு இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூடத்தின் உதவியாளர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். "இன்னா பெருசு, பொண்ணுக்குக் காவலா, தாளுக்குக் காவலா? நான் ஒரு டீ அடிச்சிட்டு வரேன். எவனாவது வந்தா ஆளு கீதுன்னு சொல்லு."

நான் எண்ணினேன். நாற்பத்தெட்டுத் தாள், பிரதிக்குப் பதினாறு. ஒவ்வொரு தாளிலும் ஒரு புறத்துக்கு இரண்டு பக்கம் அச்சாகியிருந்தது. ஆனால் எண்கள் சரியில்லை. பதினாறுக்குப் பக்கத்தில் ஒன்று. அடுத்த தாளில் பதினாலுக்குப் பக்கத்தில் மூன்று. முதலில் சிரித்தேன். அப்புறம் மற்ற தாள்களையும் புரட்டினேன்; எல்லாம் அப்படித்தான். ஒரு வாரமாகத் தூங்காத பெண் எல்லாவற்றையும் மாற்றி அடித்துவிட்டாள் என்று நினைத்தேன். தாளின் நடுவில் மெல்லிய பென்சில் கோடு ஒன்று தெரிந்தது. வெட்டுவதற்குத்தான் கோடு போட்டிருக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

மேசை மேல் கைப்பிடி வைத்த கட்டர் இருந்தது. எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒன்று உண்டு. கோட்டில் வைத்து அழுத்தினேன். இரண்டு பிரதி, முப்பத்திரண்டு தாள். பாதிகளை ஒன்றிலிருந்து அறுபத்து நான்கு வரை வரிசையாக அடுக்கி, ஓரம் தட்டி, இரண்டு கட்டாக வைத்தேன். மூன்றாவது பிரதியின் முதல் தாளைக் கையில் எடுத்தபோது அவள் வந்துவிட்டாள்.

"யாரு இத்த கட் பண்ணது?"

"நான்தாம்மா. நம்பர்லாம் மாறிக் கெடந்துச்சு. வரிசையா வெச்சுட்டேன், பாரு."

அவள் கத்தவில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கிப் பென்சில் கோட்டில் மடித்தாள். இன்னொன்றை மடித்து அதற்குள் நுழைத்தாள். "நாலு நாலு தாளா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போவும் நைனா. பதினாறு தானா பின்னாடி போயிடும். மடிப்புலதான் ஊசி குத்தித் தைக்கணும். மடிப்பே இல்லாம எங்க தைக்கிறது?"

திரும்ப அச்சடிக்க முடியாது. ஸ்கிரீன்களில் இருந்த எழுத்தைக் கழுவியாகிவிட்டது, ஞாயிறு கூடம் திறக்காது. வெட்டிய பாதிகளை மெல்லிய தாள் பட்டையால் ஒட்டி மறுபடியும் மடிப்பு உண்டாக்க வேண்டும். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில், ஞாயிறு முழுவதும், பட்டை பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை தாளில் சொட்டாமலிருக்க நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, அவள் ஒட்டினாள். நான் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கவனித்தேன்: பதினாறும் ஒன்றும் பதினேழு. பதினாலும் மூன்றும் பதினேழு. பன்னிரண்டும் ஐந்தும், பத்தும் ஏழும். முதல் நான்கு தாளும் பதினேழு; அடுத்த நான்கும் இதேபோல் நாற்பத்தொன்பது. கூட்டிப் பார்த்திருந்தால் இது தவறல்ல, ஒரு முறை என்று தெரிந்திருக்கும். நான் எண்ணினேனே தவிர, கூட்டவில்லை.

"எண்ணாத நைனா" என்றாள் தலை நிமிராமல். "வாய்க்குள்ள எண்ணினாலும் கேக்குது."

ஒட்டியதையெல்லாம் பலகைக்கடியில் வைத்து, மேலே காஸ் சிலிண்டரை ஏற்றினோம். அப்படியும் பட்டை ஒட்டிய முதுகு தடித்து நின்றது. தைத்த பிறகு அந்த இரண்டு புத்தகமும் வாய் மூடவில்லை.

திங்களன்று புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அறைக்கு வெளியே, கதவிலிருந்து நான்கு எட்டுத் தள்ளி நின்றேன். உள்ளே தேர்வாளர் பேசியது தெளிவாகக் கேட்டது.

"எழுத்தெல்லாம் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா இது ரெண்டும் ஏன் இப்படி வீங்கிக் கிடக்கு? யார் வெட்டினது?"

"நான்தான் சார். அவசரத்துல தப்பா கட் பண்ணிட்டேன்."

"மூணு வருஷம் படிச்சும் மடிப்பு எது, வெட்டு எதுன்னு தெரியலையா?"

 அப்பன் உள்ளே போய் நின்றால் அவளுக்கு இன்னும் அவமானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த மனிதர் முன்னால் முட்டாளாக நிற்கக் கூச்சமாக இருந்தது. நான்கு எட்டு. எடுத்து வைக்கவில்லை.

மூன்று மதிப்பெண் குறைந்து இரண்டாவதாக வந்தாள். உதவித்தொகை முதல் பெண்ணுக்குப் போயிற்று. இவள் அம்பத்தூரில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில், பிஸ்கட் டப்பாவுக்குப் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தாள். மேற்படிப்புப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

தேர்வு முடிந்ததும் மூன்று பிரதியையும் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும்; வீங்கிய இரண்டையும் அங்கே வாங்க மறுத்துவிட்டார்கள். புதிதாக அடித்துத் தைத்துக் கொடுத்தால்தான் சான்றிதழ் என்றார்கள். ஜூனில் ஒரு சனிக்கிழமை மறுபடியும் அந்தக் கூடத்துக்குப் போனாள். துணைக்குத் தன் தோழியின் அம்மாவை அழைத்துக்கொண்டாள். என்னிடம் காசு மட்டும் கேட்டாள். தாள், மை, ஸ்கிரீன், நூல், கூடத்தின் வாடகை எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.