மாமனுக்கு ஆகாத பிள்ளை

அந்தக் குழந்தையை நானே தூக்கிக்கொண்டுபோய் அக்கா மார்பில் போட்டால் என்ன? மாவுக்கட்டுப் போட்ட கையோடு வாசல் மழையில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த எண்ணம் வந்தது. ஆண்டவர் தந்தது என்றே இன்றும் நம்புகிறேன்.

நாங்கள் மயிலம் பக்கத்துக் கூலிக் குடும்பம். அப்பா, அம்மா இல்லை. அக்கா கரும்பு வெட்டித்தான் என்னைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தாள். போன நவம்பரில் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் வீட்டுக்காரர் அப்போது வெளியூரில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. அப்படிப் பிறந்தால் தாய்மாமன் உயிருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற எங்களையும் அது விடவில்லை. பிள்ளையைப் பார்க்கப் பறந்த அவசரத்தில் வண்டி சறுக்கி என் கை முறிந்தது. அவ்வளவுதான், பயம் பலித்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், பால் வற்றட்டும் என்று பெரியம்மா மல்லிகைப் பூவை வைத்து அக்கா மார்பை இறுக்கிக் கட்டினார். குழந்தையைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சாக்கில் கிடத்தினார். சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு மட்டும்.

"இன்னும் கத்தறதுக்குத் தெம்பு இருக்குது பாரு" என்றார்.

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "இது போனா இன்னொண்ணு பெத்துக்குவேன். தம்பிய எங்க போய்ப் பெத்துக்கறது?"

என்மேல் வைத்த பாசம் அந்தப் பிள்ளையைக் கொன்றுகொண்டிருந்தது. யாரையாவது அனுப்பும் ஆண்டவரே என்று கெஞ்சினேன். யாரும் வரவில்லை. அப்போதுதான் அந்த எண்ணம். உள்ளே போனேன்.

"டேய், அது மூஞ்சில முழிக்காத! உனக்குப் பாடைதான்!"

"கட்டுங்க பெரீம்மா. எனக்கு ஒரு கைதான் இருக்குது, கொஞ்சம் தூக்கிக் குடுங்க."

அவர் அசையவில்லை. ஒரு கையாலேயே அள்ளினேன். குழந்தை சில்லென்று இருந்தது. அக்கா மேல் போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள்.

"அது செத்து நான் உசுரோட இருக்கிறது எனக்கு வாணாங்க்கா."

அக்கா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். பிறகு பூக்கட்டை அவிழ்த்தாள். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

குழந்தைக்குச் சப்பவே வலுவில்லை. மறுநாள் காலையில் பிள்ளை பெற்ற வீடு பார்க்க வந்த கிராம நர்சம்மா, துணியில்லாமல் மார்போடு மார்பாக அணைத்துக்கொள்ளச் சொன்னார். "சாயந்தரத்துக்குள்ள குடிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடணும்" என்றார். நான் வாசலில் முழங்காலிட்டேன். ஒரு சொட்டு, ஆண்டவரே. ஒரே ஒரு சொட்டு.

விளக்கு ஏற்றும் நேரத்தில் விழுங்கும் சத்தம் கேட்டது. கூடவே அக்காவின் அழுகை. ஸ்தோத்திரம்!

அப்புறமும் அவள் பால் கொடுத்தாளே தவிர, பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குனிந்து பார்த்தாள். "உன் மூக்குடா இதுக்கு!" பெரியம்மா இன்னும் அந்தக் குழந்தையைத் தொடுவதில்லை. அதற்காகவும் ஜெபிக்கிறேன். கிருபா என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் இந்தப் பயம் இருந்தால் அதைவிடப் பெரியவரை நம்புங்கள். ஜெபித்த கையோடு போய்ப் பிள்ளையைத் தூக்குங்கள்.

கண்டாச்சிபுரத்தில் ஒரு வீட்டில் இப்போது இதே கதை. மாமன்காரன் பயந்துபோய் பெங்களூருக்கு ஓடிவிட்டானாம். நாளைக் காலை முதல் பஸ்சில் போகிறோம், நானும் அக்காவும் கிருபாவும். அவன் திரும்பி வரவில்லை என்றால் அந்தப் பிள்ளையையும் நானே தூக்கிக் கொடுப்பேன்.