ஓடுகிற மெஷினும் ஒரு முந்தானையும்

எழுதிப் பழக்கமில்லாத நான் எழுத வந்ததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். மயிலாப்பூரில் ஒரு கோசாலையில் தீவனம் நறுக்கும் மோட்டார் மெஷினை ஓட்டுகிறேன். மாடுகளைக் கழுவுவது செல்வியின் வேலை. மாட்டுக்குப் புல் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அவளைத்தான் தேடுவார்கள். எனக்குப் பேச்சு வராது. அவர்கள் அவளோடு சிரிப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, புல்லுக்கட்டோடு வந்த ஒரு அம்மா என்னிடம், "என் கையாலேயே மெஷின்ல போடறேனே, புண்ணியமாப் போகும்" என்றார். செல்வியாக இருந்தால் கேலி பேசியே தடுத்திருப்பாள். என்னிடம் ஒருவர் கேட்ட சந்தோஷத்தில், மெஷினை நிறுத்தாமலே நான் அவரைப் புல் போட விட்டுவிட்டேன். குனிந்து புல்லைத் தள்ளியபோது அவர் முந்தானையும் சேர்ந்து உள்ளே போனது. நான் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். சுவிட்ச் நினைவே வரவில்லை. செல்விதான் ஓடிவந்து மெஷினை அணைத்தாள்.

"இன்னாக்கா, இழுத்துக்கினு நிக்கிற? மிஷின் ஓட்றது நீ, சுவிட்சு நான் அணைக்கணுமா?"

புடவை கிழிந்ததோடு போயிற்று. அந்த அம்மா செல்வியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் சுவிட்சை அணைக்கிறேன். மெஷின் பக்கம் யாரையும் விடுவதில்லை.

அது நடந்த மறுநாளே ஒரு பெரியவர் புல்லோடு வந்தார். மெஷினை நிறுத்திவிட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். "செல்வி இல்லியா?" என்று கேட்டார்.