பதினொரு மணிக்கு வெளியே போனவள்

கோடு போட்ட நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடிதான் அவள் எப்போதும் நிற்பாள். எழுபதுகளின் கடைசியில், எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றவர்களுக்காக மதுரையில் நடந்த ஒரு டுட்டோரியலில் நான் கணக்கு டீச்சர்; வயது இருபத்து நான்கு. பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்த மாணவிக்குப் பத்தொன்பது இருக்கும். கணக்கில் மூன்று முறை தோற்றவள். தினமும் பதினொரு மணிக்கு வகுப்பில் எழுந்து, வெளியே போய்வர அனுமதி கேட்பாள். அரை மணி கழித்து மூச்சிரைக்கத் திரும்புவாள். அதே நேரத்தில் எதிர்ச் சந்து முனையில் சைக்கிளோடு ஒருவன் நிற்பதை ஜன்னல் வழியே கவனித்தேன். நோட்டுக்குள் கடிதம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அவளுக்குப் படிப்பு ஏறாததற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

ஒரு காலையில் பிரின்சிபாலிடம் சொல்லியும்விட்டேன். கவனம் சிதறும் என்று கல்யாணமான பெண்களையே சேர்க்காத மனிதர் அவர். நேரில் பார்த்து வந்து சொல்லுங்கள் என்றார். அன்று பதினொரு மணிக்கு அவள் பின்னாலேயே போனேன். சந்துக்குள் ஒரு தையல் கடை. உள்ளே தொங்கிய திரைக்கு வெளியே அந்தச் சைக்கிள்காரன் கண் சிவந்து நின்றிருந்தான். திரையை விலக்கினேன். அவள் தரையில் உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. நோட்டு எதை மறைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவன் அவள் கணவன்; மில்லில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் பிள்ளையைத் தூக்கி வருகிறவன்.

"கல்யாணம் ஆகலன்னு எழுதிக் குடுத்தது பொய்தான் டீச்சர்," என்றாள், என்னை நிமிர்ந்து பார்க்காமல். "நெசத்த எழுதியிருந்தா உள்ள விட்டிருப்பீகளா?"

திரும்பிப் போய் பிரின்சிபாலிடம், நான் நினைத்தது தவறு, அவன் அவளுடைய அண்ணன் என்றேன். அவர் நம்பவில்லை. நான் மூட்டிய சந்தேகத்தை என்னாலேயே அணைக்க முடியவில்லை. ஆள்விட்டு விசாரித்தார். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் அவள் பெயரை அடித்தார்.

என் வீட்டில் வைத்துச் சொல்லித் தருகிறேன் என்று கூப்பிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவள் ஒரு வாரம் வரவில்லை. பிறகு மூவருமாக வந்தார்கள். பாடம் முடியும்வரை கணவன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அது வேண்டியதுதான்.

அந்தத் தடவையும் நான்கு மார்க்கில் தோற்றாள். ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து, "எந்தக் கணக்குல விட்டேன்னு தெரியும் டீச்சர். அதுலருந்தே ஆரம்பிப்போம்," என்றாள்.

இப்போது கே.கே. நகரில் காலை நடையின்போது என் வயதுக்காரர்கள் பேசுகிறார்கள்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் பலமே இல்லை, ஒரு தோல்விக்கே சுருண்டுவிடுகிறார்கள் என்று. அன்று எங்கள் ஆசிரியர் அறையிலும் இதையேதான் பேசினோம். அதுவும் அவளைக் காட்டித்தான். அதனால் இப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. எந்தப் பிள்ளையின் பின்னால் எவ்வளவு தூரம் நடந்து பார்த்தார்கள் இவர்கள்?

அக்டோபரில் அவள் தேறினாள். மதிப்பெண் பட்டியலைக் காட்ட வந்தாள். கை நீட்டினேன், தந்தாள். ஆனால் நான் படித்து முடிக்கும்வரை அதன் ஓர் ஓரத்தை அவள் விடவேயில்லை.