பச்சைத் தொப்பி போட்ட விவசாயி

அந்தத் தொப்பி அட்டையில் செய்தது. மேலே பச்சை வெல்வெட், ஓரத்தில் பழைய சேலையிலிருந்து பிரித்த ஜரிகை, தாடைக்குக் கீழே மாட்டிக்கொள்ள ஒரு ரப்பர் பேண்ட். குடவாசல் பக்கம் நாங்கள் படித்த தொடக்கப் பள்ளியின் பீரோவில், ஆண்டு விழாச் சாமான்களோடு அது கிடக்கும். விழாவில் ஒருமைப்பாட்டுக் காட்சி என்று ஒன்று கட்டாயம் உண்டு. நெற்றியில் பட்டையோடு ஒரு பையன், கழுத்தில் சிலுவையோடு ஒருவன், பச்சைத் தொப்பியில் ஒருவன், மூவரும் கைகோத்து நிற்பார்கள். நடுவில் விவசாயி. பேசுகிற வேடம் அது ஒன்றுதான். மற்ற மூவரும் வாயைத் திறக்கவே வேண்டாம். நெற்றியிலும் கழுத்திலும் தலையிலும் இருப்பதே போதும் என்பது டீச்சரின் முடிவு.

தொப்பி, ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சுத் தோழனுக்கு. எங்கள் வகுப்பில் அவன் ஒருவன்தான் முஸ்லிம் பையன். "எங்க வீட்ல யாரும் பச்சைத் தொப்பி போடறதில்ல டீச்சர், வெள்ளைதான்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "வெள்ளை மேடையில எடுபடாதுடா" என்றார் டீச்சர். முடிந்தது பேச்சு.

விவசாயி நான். ஏனென்றால் எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். அப்பா மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நடந்தால் நாலாவது அடியில் வாய்க்காலில் இருப்பேன். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தவர் யார் என்றால், பெஞ்சுத் தோழனின் அத்தா, அதாவது அவன் அப்பா! இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒளித்துவைத்த ரகசியமா இது? ஊருக்கே தெரியும். டீச்சர் வீட்டில் பொங்கியதே அந்த அத்தா அறுத்த நெல்தான். ஆனாலும் மேடை என்று வந்துவிட்டால், தினமும் கண்ணால் பார்ப்பது எதுவும் கணக்கில் வராது. பாய் என்றால் வளைகுடா, சென்ட் பாட்டில், பச்சைத் தொப்பி. நிலக்காரர் வீட்டுப் பிள்ளை என்றால் முண்டாசு. நாலு விதமான ஆட்களை ஒரு வரிசையில் நிறுத்திக் கைதட்டத் தெரிந்த நமக்கு, ஒரே ஆளுக்குள் நாலு விதம் இருக்கும் என்று ஒத்துக்கொள்ள மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஐந்தாம் வகுப்பு, அந்தப் பள்ளியில் எங்கள் கடைசி ஆண்டு விழா. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அத்தா அவனிடம் கேட்டிருக்கிறார்: "இந்த வருசமாச்சும் பேசுவியா, இல்ல கையப் புடிச்சுக்கிட்டு நிப்பியா? பேசறதா இருந்தா சொல்லு, அறுப்ப விட்டுட்டு வர்றேன்." இவன் ஆசையில், பேசுகிறேன் என்று சொல்லிவிட்டான். மறுநாள் என்னிடம் வந்து திருதிருவென்று விழித்தான். என் வசனம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். என்னைவிட நன்றாகவே வரும். ஆனால் யார் கேட்டார்கள்?

விழாவுக்கு முதல் நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. இவன் துள்ளி எழுந்தான்.

"டீச்சர், நான் பேசறேன்!"

"நீ விவசாயியாப் போயிட்டா, முஸ்லிமுக்கு நான் எங்கடா போவேன்?"

"விவசாயியே தொப்பி போட்டுக்கட்டும் டீச்சர். எங்க அத்தா அப்படித்தான் வயலுக்குப் போறாங்க."

"விவசாயின்னா முண்டாசுதான். பாக்கறவங்க குழம்பிடுவாங்க."

கடைசியில் டீச்சர் கண்டுபிடித்த வழி இதுதான்: நான் முண்டாசோடு மேடையில் நின்று வாயை மட்டும் அசைக்க வேண்டும். அவன் திரைக்குப் பின்னால் மைக்கில் பேச வேண்டும். பேசி முடித்ததும் ஓடிவந்து கைகோத்து நிற்க வேண்டும். நேரம் வீணாகாமல் இருக்க, தொப்பியை முன்கூட்டியே மாட்டிவிட்டார்.

அப்படியே நடந்தது, பாதி வரைக்கும். வாசலோரம் அவன் அத்தா வந்து நிற்பது மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது. வெள்ளைத் தொப்பியில் வைக்கோல் துணுக்கு. நெல்லின் சுணை போகாமல் கையைச் சொறிந்துகொண்டு, மகனை மேடை முழுக்கத் தேடினார். காதில் மகன் குரல், கண்ணெதிரே என் வாய். திரை இடுக்கு வழியே இவனும் அதைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வரிக்குக் குரல் பின்னாலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து வந்தது. மைக்கின் ஒயரை இழுத்துக்கொண்டு, தலையில் பச்சைத் தொப்பியோடு, "மழை ஏமாத்தினாலும் நாங்க நாத்து விடறத நிறுத்த மாட்டோம்" என்று சொல்லியபடியே மேடையின் விளிம்புக்கு வந்துவிட்டான். "உள்ள போடா, உள்ள போடா" என்று ஓரத்தில் டீச்சர் பல்லைக் கடித்தார். அவன் ஒரு சொல் விடாமல் பேசி முடித்தான்.

சிறப்பு விருந்தினர், தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற அதிகாரி, உருகிப்போனார். "ஒரு முஸ்லிம் பையன் நம்ம விவசாயிக்காகக் குரல் கொடுத்தான் பாருங்க!" என்றார். அரங்கமே தட்டியது. பையனின் அப்பாவை மேடைக்கு அழைத்தார். கையைப் பிடித்துக் குலுக்கி, "எப்ப துபாய்லேர்ந்து வந்தீங்க பாய்?" என்று மைக்கிலேயே கேட்டார்.

"இப்பத்தாங்க வர்றேன்" என்றார் அத்தா. "வயல்லேர்ந்து."

நகைச்சுவை என்று நினைத்து அதிகாரி சிரித்தார். அத்தா இறங்கும்போது மகனின் தோளில் தட்டி, "பேசிட்டே" என்றார். வந்த வேகத்தில் அறுப்புக்குத் திரும்பினார்.

போன வாரம் சென்னையில் எங்கள் அலுவலகத்தில் பாரம்பரிய உடை தினம் என்றார்கள். "நீங்க தஞ்சாவூர்ப் பக்கமாச்சே, முண்டாசு கட்டி விவசாயியா வாங்களேன்" என்றார் ஏற்பாடு செய்த பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெஞ்சுத் தோழனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். இன்று எங்கள் நிலத்தையும் தன் சொந்த நிலத்தையும் அவன்தான் பயிர் செய்கிறான். சொந்த டிராக்டர். ஆனாலும் வெளியூரில் யார் பார்த்தாலும் "லீவுல வந்தீங்களா பாய்?" என்றுதான் கேட்கிறார்களாம்.

"அட, இங்க நடக்கறதக் கேளு" என்றான். அக்காவை அவன் லாத்தா என்றுதான் சொல்வான். "லாத்தா மவன் நம்ம ஸ்கூல்லதான் படிக்கிறான். ஆண்டு விழாவுக்கு நிஜக் கலப்பை வேணும்னு எங்கிட்டதான் கேட்டு விட்டாங்க. கலப்பை எங்க வீட்லேர்ந்து போவணுமாம், புடிக்கிற பையன் வேற வீட்டுப் பையனாம்."

"உங்க லாத்தா மவனுக்கு?"

"அதே தொப்பிதான்டா. ரப்பர் பேண்ட் மட்டும் புதுசு."

"கலப்பையக் குடுத்தியா?"

"அதெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா, டிராக்டர்தான் இருக்கு, கொண்டாந்து நிறுத்தறேன்னு சொல்லிட்டேன். ஆனா சாவி லாத்தா மவன் கையிலதான் இருக்கும். அவந்தான் மேல ஒக்காந்து பேசுவான், தொப்பியோடவே."