ஒண்ணு பி, ரெண்டு டி

இன்று காலை பேப்பரை உதறியதும் ஒரு நோட்டீஸ் விழுந்தது. வேங்கிக்காலில் புதிதாக ஒரு கோச்சிங் சென்டராம். ‘நுழைவுத் தேர்வில் வெற்றி உறுதி’ என்று போட்டு, கீழே வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள். இதில் எத்தனை பேர் நிஜமாகவே அங்கே படித்தார்களோ! எனக்கு இந்தச் சந்தேகம் வருவதில் தப்பில்லை, நீங்களே கேளுங்கள்.

நோட்டீஸில் மை வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனைக்கு எனக்கு ஞாபகம் வருவது எங்கள் பள்ளிக்கூடத்தில் கையால் உருட்டிப் படியெடுக்கும் சைக்ளோஸ்டைல் தாள்தான். எண்பதுகளின் நடுவில் டாக்டருக்கும் இன்ஜினீயருக்கும் நுழைவுத் தேர்வு என்று புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள். நாலு விடை கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்லும் வினாத்தாளை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு பிசிக்ஸ் சார் ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்தார். மெட்ராஸிலிருந்து ஒரு கைடு வாங்கி வந்திருந்தார். பாவம், கெட்ட மனுஷர் இல்லை. ஸ்டென்சில் தாள் கம்மியாக இருந்ததால் கேள்விகளை விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்து விடைகளை மட்டும் படியெடுத்துக் கொடுத்தார்.

“கேள்வி யாருக்கு வேணும்? விடைக்குத்தானே மார்க்கு! மனப்பாடம் பண்ணுங்க.”

பண்ணினோம். ஒண்ணு பி, ரெண்டு டி, மூணு ஏ என்று இருநூறு வரைக்கும். உமாவுக்கு மூன்றே நாள் போதுமாயிருந்தது. கோயில் குருக்கள் வீட்டுப் பெண். அப்பா மந்திரம் சொல்வதைக் கேட்டு வளர்ந்த காது. வகுப்பில் நிஜமான கெட்டிக்காரி அவள்தான். டாக்டராகியே தீருவேன் என்று பத்தாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடி அண்ணாமலையிலிருந்து வரும் குடியானவர் வீட்டுப் பெண். மனப்பாடம் ஜென்மத்துக்கும் வராது. அந்த எரிச்சலில்தான் கேட்டேன்.

“சார், கேள்வி நம்பர் மாறிடுச்சுன்னா?”

“அச்சடிச்ச புக்கும்மா, எப்படி மாறும்? வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. நாளையிலேர்ந்து கிளாஸுக்கு வராதே.”

“சரிங்க சார், வரலை” என்று பையைத் தூக்கிக்கொண்டேன். உமா வாசல் வரை ஓடி வந்து, மன்னிப்புக் கேட்டுவிடச் சொன்னாள். “நீயும் வாடி, பாடப் புக்கையே படிக்கலாம்” என்றேன்.

“சார் தெரியாமலா சொல்லுவார்?” என்று உள்ளே போய்விட்டாள்.

ஒரு மாதம் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து, பாடப்புத்தகத்துக் கணக்குகளையே திரும்பத் திரும்பப் போட்டேன்.

வேலூரில் தேர்வு. முடிந்து வெளியே வந்த உமாவின் முகமெல்லாம் சிரிப்பு. “முதல் ரெண்டும் பி, டின்னு சரியாப் பொருந்திடுத்துடி. அப்புறம் நான் கேள்வியே படிக்கலை. கடகடன்னு போட்டுட்டேன்.”

மூணாவதுக்கு நான் குறித்தது ஏ இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

எனக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்தது. மாட்டுக்கொட்டகையில் படித்தவளுக்கு வேறென்ன கிடைக்கும்! உமாவுக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

டி.சி. வாங்கப் போன அன்று, பள்ளி வாசல் கரும்பலகையில் ‘சிறப்பு வகுப்பின் வெற்றி’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழே என் பெயர். வந்தது பாருங்கள் கோபம்! தாவணித் தலைப்பால் என் பெயரை அழித்தேன்.

“என்னா திமிரு உனக்கு!” என்று சார் ஓடி வந்தார்.

“நான் உங்க கிளாஸ்ல படிக்கலைங்க சார். படிச்சது உமா. அவ பேரை எழுதுங்க.”

சார் சாக்பீஸைக் கையில் எடுக்கவில்லை. அந்த ஆவணியிலேயே உமாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அழித்ததற்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. அதை எந்தத் தாவணியாலும் அழிக்க முடியாது.

போன பௌர்ணமிக்கு, கிரிவலப் பாதையில் உமாவைப் பார்த்தேன். நரைத்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணு பி, ரெண்டு டி” என்று ஆரம்பித்தாள். நான் நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை.

“இருநூறும் இன்னும் அப்படியே ஞாபகம் இருக்குடி” என்றாள். “கேள்விதான் என்னன்னே தெரியாமப் போயிடுத்து.”